கனடாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்

போன மாதம் பரந்தனில் என் நாற்றுமேடைக்கு ஒரு பெடியன் வந்தான். கத்தரி நாற்று நூறு வாங்கிக் காசும் கொடுத்துவிட்டான். ஆனால் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனை நீட்டினான். "அண்ணை, நீங்கள் கனடாத் தோட்டத்தில நின்றனீங்கள் எண்டு அம்மா சொன்னவா. இதை ஒருக்கால் பாருங்கோவன்."

மேலே மேப்பிள் இலை, நடுவில் ஒரு முத்திரை, கீழே விளங்காத கையெழுத்து. தக்காளி பறிக்கும் வேலை, மணிக்கு 28 டொலர், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், இரண்டு வருடத்தில் குடும்பத்தையும் கூப்பிடலாம். விஷயம் கடைசிப் பக்கத்தில் இருந்தது: 'எல்எம்ஐஏ கட்டணம் 1000 டொலரை முற்பணமாக அனுப்பவும்.'

அந்த ஒரு வரி எனக்குப் போதும். எல்எம்ஐஏ என்பது உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கனடா மத்திய அரசு முதலாளிக்குக் கொடுக்கும் அனுமதி. மற்றத் தொழில்களுக்கு அதற்கு 1000 டொலர் கட்டணம் உண்டு. தோட்ட வேலைக்கு அந்தக் கட்டணமே கிடையாது. இருக்கிற இடத்திலும் கட்ட வேண்டியவர் முதலாளி. தொழிலாளியிடம் அதைக் கேட்பது சட்டப்படி குற்றம். கேட்கிறவன் ஒன்றில் கள்ளன், அல்லது சட்டத்தை மதிக்காத முதலாளியின் ஆள். இரண்டாவது வகை இன்னும் மோசம். அங்கே உண்மையிலேயே வேலை இருக்கும், போய்ச் சேர்ந்த பிறகுதான் வினை தொடங்கும்.

நான் 2023 பெப்ரவரியிலிருந்து 2024 டிசம்பர் வரை ஒன்ராறியோ மாகாணத்தில் நின்றேன். முதலில் லெமிங்டன் பக்கத்தில் ஒரு கிரீன்ஹவுஸ், பிறகு நோர்ஃபோக் பக்கம் ஒரு அப்பிள் தோட்டம். போவதற்கு முன் யாராவது இதையெல்லாம் எழுதித் தந்திருந்தால் எத்தனையோ இரவு நித்திரை கொண்டிருப்பேன். அதனால் எழுதுகிறேன். நான் சொல்வது ஒன்ராறியோக் கதை. வேறு மாகாணத்துக்குப் போகிறவர்கள் மாகாணச் சட்டம் என்று நான் சொல்லும் இடங்களில் அந்த மாகாணத்தின் சட்டத்தைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முன்

'பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டத்தில் அனுப்புகிறோம்' என்று ஏஜென்சி சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். அந்தத் திட்டம் 1966இல் யமேக்கா ஆட்களோடு தொடங்கியது. இன்றைக்கும் மெக்சிக்கோவுக்கும் கரீபியன் நாடுகளுக்கும் மட்டும்தான். இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ போகிறவர்களுக்கு இருப்பது 'விவசாயப் பிரிவு' என்ற வேறொரு வழி. அதில் 24 மாதம் வரை வேலை கொடுக்கலாம்.

இந்த வழியில் விமான டிக்கெட், போகவும் வரவும், முதலாளியின் செலவு. சம்பளத்தில் அதைத் திருப்பி வெட்டவும் கூடாது. ஆள்சேர்ப்புக் கட்டணம் எந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது. தான் வாங்காமல் இருந்தால் மட்டும் முதலாளிக்குப் போதாது, தனக்காக ஆள் பிடிக்கிற ஏஜென்ட் வாங்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. நீங்கள் கட்டுவது வேலை அனுமதிக்கு 155 டொலர், கைரேகைக்கு 85 டொலர், மருத்துவப் பரிசோதனைச் செலவு. முதல் இரண்டும் அரசாங்கத்துக்குப் போகிற காசு, அதற்கு ரசீது வரும். நான் ஊரில் ஒரு தரகருக்கு 6 இலட்சம் ரூபாய் கொடுத்தேன், ரசீது கேட்கவில்லை. அந்த வெட்கத்தை இப்போது விபரமாக எழுதப் போவதில்லை. கொடுத்தே ஆகவேண்டும் என்று நிலைமை வந்தால், குறைந்தது வங்கி வழியாகக் கொடுங்கள். கையில் கொடுத்த காசுக்குச் சாட்சி இல்லை.

முதலாளி யார் என்று தேடுங்கள். விதிமீறிப் பிடிபட்ட முதலாளிகளின் பட்டியலைக் கனடா குடிவரவுத் துறை தன் இணையதளத்தில் பெயர், ஊர், தண்டப்பணம், தடைக்காலம் எல்லாம் போட்டு வைத்திருக்கிறது. ஒரு மீறலுக்கு 100,000 டொலர் வரை தண்டம் வரலாம், சிலருக்கு நிரந்தரத் தடையும் உண்டு. ஐந்து நிமிட வேலை இது. அந்தப் பெடியனோடு சேர்ந்து தேடினோம். அவனுடைய கடிதத்தில் இருந்த பண்ணை அந்தப் பட்டியலில் இல்லை. வேறு எங்கு தேடியும் இல்லை. அப்படி ஒரு பண்ணையே இல்லை.

பியர்சனில் இரண்டு நிமிடம்

ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி உங்கள் வேலை அனுமதியை அச்சடித்துக் கையில் தருவார். பதினெட்டு, இருபது மணிநேரம் பறந்த களைப்பில் மடித்துப் பையில் வைக்கத்தான் தோன்றும். கவுண்டரை விட்டு நகராமல் வாசியுங்கள். பெயரின் எழுத்து, முதலாளி பெயர், வேலை இடம், காலாவதித் திகதி. பிழை இருந்தால் அங்கேயே திருத்துவது சுலபம், பிறகு மாதக் கணக்கில் இழுக்கும். எங்களோடு வந்த ஒருவருக்குத் திகதி ஒரு வருடம் குறைந்து விழுந்திருந்தது. அவருக்குப் பின்னால் நின்ற பெண்பிள்ளைதான் பார்த்துச் சொன்னாள்.

இந்தக் காகிதத்தில் முதலாளியின் பெயர் இருப்பதுதான் உங்களைக் கட்டிப்போடும் கயிறு. அந்த ஒருவரிடம் மட்டுமே வேலை செய்யலாம். 2023இல் ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா கனடாவுக்கு வந்து பார்த்துவிட்டு, இந்த முறை நவீன அடிமைத்தனத்துக்கு விளைநிலம் என்றே சொன்னார். கனடாவில் அது பெரிய செய்தியானது. எங்கள் வீட்டில் எட்டுப் பேரில் ஒருவருக்கும் அது செய்தியாகத் தெரியவில்லை.

ஒப்பந்தமும் எனக்கு மூக்குடைந்த கதையும்

2022 செப்டெம்பர் 26இலிருந்து மத்திய அரசின் விதி இது: வேலை தொடங்கும் முதல் நாளன்றோ அதற்கு முன்போ, இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்கள் உரிமைகள் பற்றிய அரசாங்கத் தகவலையும் முதலாளி தர வேண்டும். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் இருக்கும். போனால் படம் எடுத்து மொழிபெயர்த்து வாசியுங்கள். முழுவதும் விளங்கத் தேவையில்லை. மணிச் சம்பளம், கிழமைக்கு எத்தனை மணிநேரம், என்னென்ன வெட்டப்படும் என்ற மூன்று இடங்களில் கோடு போடுங்கள்.

ஓவர்டைம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒன்ராறியோவில் கடையில், தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்குக் கிழமைக்கு 44 மணிநேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு சம்பளம். ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் இதைச் சொல்லித்தந்தார், நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒஃபீசில் போய்க் கேட்டேன். அந்தப் பெண் சிரிக்காமல் ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். பண்ணைத் தொழிலாளருக்கு அந்த விதி இல்லை. நாளுக்கு இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற விதியும் இல்லை. தொழிற்சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமையும் ஒன்ராறியோத் தோட்டத்தில் இல்லை. 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சங்கமாகச் சேர்வதற்கு மட்டும் இடம் தருகிறது.

ஆகவே பிடித்துக்கொள்ள வேண்டியது ஒப்பந்தத்தை. அதில் எழுதிய மணிச் சம்பளம் செய்த ஒவ்வொரு மணிக்கும் வர வேண்டும். ஒன்ராறியோவின் பொதுக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 அக்டோபர் 1 முதல் மணிக்கு 17 டொலர் 60 சதம். உங்கள் ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைவாக இருந்தால் ஏதோ பிழை என்று அர்த்தம்.

கொப்பி

இதற்குத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் மூத்தவர் ஒரு குவாத்தமாலாக்காரர். அது அவருக்கு நாலாவது பண்ணை. அவருக்கு ஆங்கிலம் இல்லை, எனக்கு ஸ்பானிஷ் இல்லை. முதல் நாள் இரவு நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, அவர் வந்து தன் சேர்ட் பையிலிருந்து உள்ளங்கை அளவு கொப்பி ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினார். திகதி, இரண்டு நேரம், ஒரு எண். பக்கம் பக்கமாக அதுதான். பிறகு காற்றில் எழுதுவது போல விரலை ஆட்டினார். "எஸ்கிரிபே, எஸ்கிரிபே." எழுது, எழுது.

நான் எழுதியது இப்படி: திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவேளை எத்தனை நிமிடம், எந்த வரிசை, அன்றைக்கு எந்த சுப்பவைசர். ஏதாவது நடந்தால் கீழே ஒரு வரி. 'ஜூலை 11. 6:00 – 5:45. இடைவேளை 45. வரிசை 212 முதல் 230 வரை இலை கழித்தது. தண்ணீர் மெஷின் வேலை செய்யவில்லை.' தமிழில்தான் எழுதினேன். அது பிழையில்லை, பிறகு மொழிபெயர்க்கலாம். அன்றன்றைக்கு எழுதியது என்பதுதான் அதற்கு மதிப்பு. கிழமைக் கடைசியில் யோசித்து எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி வரும், பார்க்கிறவருக்கு அது தெரியும்.

பேனையால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தைப் படம் பிடித்து ஊரில் யாருக்காவது வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நான் மனைவிக்கு அனுப்பினேன். காதல் கடிதம் எதிர்பார்த்தவளுக்குக் கிழமைக்கொருதடவை தக்காளிக் கணக்குப் போனது. ஆனால் மே மாதம் என் முதல் கொப்பி பசளைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கூழாகியபோது, மூன்று மாதக் கணக்கும் அவளுடைய போனில் திகதியோடு இருந்தது.

இனி அது என்ன செய்தது என்று சொல்கிறேன். சம்பளம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை. ஓகஸ்டில் ஒரு சம்பளச் சீட்டில் 104 மணிநேரம் என்று வந்தது. என் கொப்பியில் 117 மணிநேரம் 30 நிமிடம். வித்தியாசம் பதின்மூன்றரை மணி. அன்றைய சம்பளம் மணிக்கு 15 டொலர் 50 சதம், ஆக 209 டொலர் 25 சதம். வீட்டு வாடகை என்று 90 டொலர் வெட்டியிருந்தார்கள். விவசாயப் பிரிவில் வீட்டுக்குக் கிழமைக்கு 30 டொலருக்கு மேல் வெட்ட முடியாது, இரண்டு கிழமைக்கு 60. அதில் இன்னொரு 30. ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்புறுதி, வரி என்று மற்ற வெட்டுகள் சரி. அந்த வருடம் ஓய்வூதியத்துக்கு நூற்றுக்கு 5.95, காப்புறுதிக்கு 1.63. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சதம் பிசகவில்லை. அரசாங்கத்துக்குப் போகிற கணக்குச் சரியாக இருந்தது, எங்களுக்கு வருகிற கணக்கில்தான் கை வைத்திருந்தார்கள்.

தனியாகப் போகவில்லை. கொப்பி வைத்திருந்த மூன்று பேரும் சேர்ந்து போனோம். சத்தம் போடவில்லை. மூன்று கொப்பியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நாளின் மீது விரலை வைத்தோம். மூன்றிலும் ஒரே நேரம். அடுத்த சம்பளத்தில் காசு வந்தது. வீட்டிலிருந்த எட்டுப் பேருக்கும் அப்படித்தான் வெட்டியிருந்தார்கள். காசு வந்தது மூன்று பேருக்கு மட்டும். மற்ற ஐந்து பேரிடமும் காட்ட ஒன்றும் இல்லை.

ஒஃபீசில் தீராவிட்டால் மாகாணத் தொழில் அமைச்சுக்கு முறையிடலாம். கட்டணம் இல்லை. சம்பளப் பாக்கி என்றால் இரண்டு வருடத்துக்குள். ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கியது, பாஸ்போட்டைப் பிடித்து வைத்தது போன்றவற்றுக்கு வெளிநாட்டவர் வேலைப் பாதுகாப்புச் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதற்கு மூன்றரை வருடம் வரை அவகாசம்.

வீடு

அதிகம் சொல்ல இல்லை. வேலையிடத்துக்கு வெளியே வீடு தந்தால் போக வர வாகனம் இலவசம். வீட்டை ஆட்கள் வருமுன் பரிசோதித்திருக்க வேண்டும். வந்த அன்றைக்கே குசினி, குளியலறை, படுக்கை, ஜன்னல் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். உடைந்த குளிர்சாதனப் பெட்டிக்குப் பிறகு உங்களிடம் காசு கேட்டால் உதவும். பழுதை வாயால் சொல்லாமல் குறுஞ்செய்தியில் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அனுப்பிய திகதி நிற்கும்.

வாகனத்தில் இருக்கைக்கு மேலதிகமாக ஆள் ஏற்றினால் ஏறாதீர்கள், ஏறினால் இருக்கைப் பட்டியைப் போடுங்கள். 2012 பெப்ரவரி 6இல் ஹாம்ஸ்டெட் என்ற சின்ன ஊர்ச் சந்தியில் கோழிப்பண்ணை வேலை முடித்துத் திரும்பிய வானும் லொறியும் மோதி 11 பேர் செத்தார்கள். அதில் பத்துப் பேர் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

வேலை வேண்டாம் என்று சொல்லும் உரிமை

தக்காளிச் செடிக்கு ஒரு குணம் உண்டு. இலை கழித்துக்கொண்டு போகப் போகக் கையில் ஒரு கறை ஏறும். முதலில் மஞ்சள், பிறகு பச்சை, மத்தியானத்துக்குள் கறுப்பு. சவர்க்காரம் போட்டால் நுரை பச்சையாக வரும். அது விஷமில்லை. நான் முதல் கிழமை பயந்து வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததுக்கு. மருந்தடித்த பகுதிக்குள் எத்தனை மணிநேரம் நுழையக் கூடாது என்று மருந்துப் போத்தலின் லேபிளில் இருக்கும், வாசலில் அறிவித்தலும் மாட்ட வேண்டும். மருந்தைக் கையாளச் சொன்னால் முதலில் பயிற்சி தர வேண்டும். கையுறை, முகக்கவசம், உடுப்பு எல்லாம் முதலாளியின் செலவு. இன்னொரு அடையாளமும் உண்டு, இது எந்தத் தாளிலும் இல்லை. மகரந்தச் சேர்க்கைக்காக வரிசைகளுக்கிடையில் வண்டுத்தேனீப் பெட்டிகள் வைத்திருப்பார்கள். தேனீக்கு ஆகாத மருந்து அடிக்க முன் அந்தப் பெட்டிகளை மூடுவார்கள் அல்லது தூக்குவார்கள். காலையில் பெட்டியைக் காணாவிட்டால் ஏன் என்று கேட்போம். தேனீக்குக் காட்டுகிற அக்கறையை எங்களுக்கும் கேட்டு வாங்கினோம் என்று சொல்லலாம்.

ஒன்ராறியோவின் தொழிற் பாதுகாப்புச் சட்டம் 2006 ஜூன் 30 முதல் பண்ணைகளுக்கும் பொருந்தும். அதன் 43ஆவது பிரிவு: ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் அந்த வேலையை மறுக்கலாம். ஆனால் மறுப்பதற்கு முறை இருக்கிறது. கருவியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அது வேலையை விட்டுப் போனதாகிவிடும். சுப்பவைசரிடம் உடனே சொல்லுங்கள்: "இது ஆபத்து, இந்த வேலையை மறுக்கிறேன்." ஆங்கிலத்தில் அந்த வசனத்தைப் பாடமாக்கி வைத்திருங்கள். பிறகு பக்கத்தில் பாதுகாப்பான இடத்தில் நில்லுங்கள். அவர் உங்கள் முன்னிலையில் பார்த்து விசாரிக்க வேண்டும். தீராவிட்டால் அமைச்சின் பரிசோதகரைக் கூப்பிட வேண்டும், இலக்கம் 1-877-202-0008. மறுத்ததற்காக வேலையால் நிறுத்துவதோ மிரட்டுவதோ 50ஆவது பிரிவின் கீழ்ச் சட்டவிரோதம்.

எப்போது கண்டிப்பாக மறுக்க வேண்டும் என்று கேட்டால், மூடிய தாங்கி, குழி, சைலோ என்று எதற்குள்ளும் காற்றைச் சோதிக்காமல் இறங்கச் சொல்லும்போது. 2010 செப்டெம்பரில் ஏய்ட்டன் என்ற ஊரில் அப்பிள் வினாகிரித் தாங்கிக்குள் இரண்டு யமேக்கர்கள் செத்துப்போனார்கள்.

காயம் பட்டால்

எங்களோடு நின்ற பிலிப்பைன்ஸ் பெடியன் ஒருவனுக்கு இலை வெட்டும் கத்தி விரல் நுனியைச் சீவிக்கொண்டு போய்விட்டது. சுப்பவைசர் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். நல்ல மனிதர் என்று நினைத்தோம். காரில் போகும்போது சொன்னாராம்: "வீட்டில் சமைக்கும்போது வெட்டியது என்று சொல், பிரச்சினை வராது."

அவனும் அப்படியே சொல்லிவிட்டான். நான்கு நாள் கழித்து விரல் வீங்கி, வேலை செய்ய முடியாமல், சம்பளமும் இல்லாமல் கட்டிலில் இருந்தான். வேலையில் பட்ட காயம் என்று சொல்லியிருந்தால் டபிள்யூஎஸ்ஐபி என்கிற மாகாண வேலை விபத்துக் காப்புறுதியிலிருந்து காசு வந்திருக்கும். முதலாளி கட்டுகிற காப்புறுதி அது. உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் அதற்கு வெட்ட மாட்டார்கள்.

ஆகவே வைத்தியரிடம் முதல் வசனமே "வேலையில் நடந்தது" என்பதாக இருக்கட்டும். அப்போது அவர் 8ஆம் படிவம் அனுப்புவார். முதலாளி மூன்று வேலை நாட்களுக்குள் 7ஆம் படிவம் அனுப்ப வேண்டும். நீங்கள் நிரப்புவது 6ஆம் படிவம், ஆறு மாதத்துக்குள். அந்தப் பெடியனுடைய படிவத்தைக் குசினி மேசையில் வைத்து நிரப்பினோம். சாட்சி என்ற இடத்தில் என் கொப்பியின் அன்றைய வரி போனது: '2:20க்கு வரிசை 88இல் விரல் வெட்டு, இரத்தம், சுப்பவைசர் கூட்டிப் போனார்.' பிறகு காசு வந்தது, தாமதமாக.

ஒன்ராறியோ சுகாதார அட்டையை வந்த முதல் மாதமே எடுங்கள். அது கிடைக்கும் வரைக்கும் அவசர வைத்தியத்துக்கு முதலாளி தனியார் காப்புறுதி போட்டிருக்க வேண்டும், அதுவும் அவர் செலவு. காயத்தோடு ஊருக்கு அனுப்பப் பார்ப்பார்கள், இது கட்டுக்கதை இல்லை. 2001 முதல் 2011 வரை ஒன்ராறியோவிலிருந்து 787 பண்ணைத் தொழிலாளர் நோய், காயம் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டதாக ஒரு மருத்துவ ஆய்வு எண்ணியிருக்கிறது. விமானம் ஏறினாலும் உங்கள் உரிமைக்கோரல் செத்துவிடாது. காயத்தோடு ஊர் திரும்பிய நான்கு யமேக்கர்களின் வழக்கில், இழந்த சம்பளத்தை அவர்களுடைய ஊரில் உண்மையில் கிடைக்கக்கூடிய வேலையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று மேன்முறையீட்டு மன்றம் 2023இல் சொன்னது. அதுவரை ஒன்ராறியோவில் அவர்கள் ஏதோ ஒரு இலகு வேலை செய்யலாம் என்று கற்பனை பண்ணிக் காசைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கயிற்றை அறுக்கும் வழி

செப்டெம்பரில் எங்கள் பாஸ்போட்டை 'பத்திரமாக வைக்க' என்று ஒஃபீசில் வாங்கினார்கள். கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. ஒன்ராறியோவில் வெளிநாட்டவரின் பாஸ்போட்டையோ வேலை அனுமதியையோ முதலாளி பிடித்து வைப்பது குற்றம், 2023இல் தண்டனையையும் நன்றாக ஏற்றியிருக்கிறார்கள். கொப்பியோடு போன மூன்று பேருக்கும் அதன் பிறகு வேலை நேரம் குறைந்தது. "அடுத்த முறை வாய் திறந்தால் விமானத்தில் ஏற்றுவேன்" என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டது. அதையும் எழுதினேன்: திகதி, நேரம், சொன்ன ஆங்கில வசனம் தமிழ் எழுத்தில், பக்கத்தில் நின்றவர்கள்.

இங்கே இரண்டு விஷயம் விளங்க வேண்டும். முதலாவது, முதலாளிக்கு உங்களை நாடு கடத்தும் அதிகாரம் இல்லை. வேலையால் நிறுத்தலாம். நிறுத்தினாலும் தாளில் உள்ள திகதி வரை உங்கள் அனுமதி செல்லும், வேறு இடத்தில் வேலை செய்யத்தான் முடியாது. இரண்டாவது, 2019 ஜூன் 4 முதல் ஒரு கதவு திறந்திருக்கிறது. துன்புறுத்தப்படும் அல்லது அந்த ஆபத்தில் இருக்கும் தொழிலாளருக்கான திறந்த வேலை அனுமதி. அடி உதை மட்டும் துன்புறுத்தல் இல்லை. பாலியல் தொல்லை, மிரட்டல், சம்பளத்தைத் திருடுவது, பாஸ்போட்டைப் பிடிப்பது எல்லாம் அடங்கும். கிடைத்தால் 12 மாதம் வரை விரும்பிய முதலாளியிடம் வேலை செய்யலாம்.

வழமையாக அனுமதிக்கு 155, திறந்த அனுமதிக்கு மேலும் 100 டொலர் கேட்பார்கள். இதற்கு இரண்டும் இல்லை. கனடாவுக்குள் இருந்துகொண்டு, கையில் உள்ள அனுமதி காலாவதியாக முன் ஒன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். ஐஎம்எம் 5710 என்ற படிவம், நடந்ததைச் சொல்லும் கடிதம், ஆதாரம். நீதிமன்றத்தில் போல ஐயம் திரிபற நிரூபிக்கத் தேவையில்லை. துன்புறுத்தல் நடந்தது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும். கடிதத்தில் கோபத்தைக் கொட்டாதீர்கள், திகதி வாரியாக எழுதுங்கள். என் கடிதம் இரண்டு பக்கம், இணைப்பு நாற்பத்தொரு பக்கம். அதில் முப்பதுக்கு மேல் கொப்பிப் பக்கங்கள்.

தனியாகச் செய்யாதீர்கள். வின்சர் சட்ட உதவி மையத்தில் இலவசமாகப் பார்த்துத் தந்தார்கள். ரொறன்ரோப் பக்கம் என்றால் சால்கோ என்ற தெற்காசியச் சட்ட உதவி மையத்தில் தமிழில் கதைக்கலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 211ஐ அழைத்து "தமிழ்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். முதலாளியைப் பற்றிப் பெயர் சொல்லாமல் முறையிட மத்திய அரசின் இலக்கம் 1-866-602-9448. இந்த நான்கையும் போனில் மட்டும் வைக்காமல் கொப்பியின் பின் அட்டையிலும் எழுதுங்கள். போன் உடையும்.

எனக்கு அனுமதி வர ஐந்து கிழமை ஆனது. அந்த ஐந்து கிழமையும் அதே வரிசைகளில்தான் நின்றேன். விண்ணப்பித்ததை யாரிடமும் சொல்லவில்லை, குவாத்தமாலாக்காரரைத் தவிர. போகிற அன்று அவருக்கு ஒரு புதுக் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், கோடு போட்ட கொப்பி அவருக்குப் பிடிக்காதாம்.

வரும்போது

ஊருக்குத் திரும்புமுன் ஒஃபீசில் நிரந்தர ஈமெயில் முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள். போன வருடச் சம்பளத்தின் டி4 என்ற தாளை அடுத்த பெப்ரவரி முடிவதற்குள் முதலாளி தர வேண்டும். வரிக் கணக்குக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. வெட்டிய வரியில் ஒரு பகுதி திரும்பி வரலாம், ஆனால் கணக்குக் கொடுத்தால்தான். உங்கள் சமூகக் காப்புறுதி இலக்கம் 9இல் தொடங்கும், அதையும் குறித்து வையுங்கள். வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள், அந்தக் காசு விழ ஒரு இடம் வேண்டும். நான் விமானம் ஏறும் கிழமையே மூடிவிட்டேன். வரித் திணைக்களம் அனுப்பிய காசோலை ஸ்காபரோ மச்சானின் வீட்டுக்குப் போய், இன்னும் அவருடைய குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியபடி இருக்கிறது.